ஆங்கிலப் பாடத்துக்கு மீள்பரிசீலனை: எங்கள் சந்திக் கடையில் விண்ணப்பித்த அனுபவம்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் ஏ-35 வீதியோரத்தில், எங்கள் ஊர்ச் சந்தியில் ஒரு தொடர்பகம் இருக்கிறது. போட்டோக் கொப்பி, றீலோட், லமினேற்றிங், மின்கட்டணம், அடையாள அட்டைப் படம் என்று எல்லாவற்றுக்கும் நாங்கள் போகும் கடை அது. க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறு வெளியாகும் கிழமையில் அதன் கண்ணாடிக் கதவில் "றீகரெக்சன் போடப்படும்" என்று கையால் எழுதிய தாளொன்று ஒட்டப்படும்; விடைத்தாளை மறுபடி பார்க்கும்படி பரீட்சைத் திணைக்களத்திடம் கேட்கும் மீள்பரிசீலனை விண்ணப்பம்தான் அது. 2025 ஜூலையில் அந்தத் தாளைப் பார்த்து உள்ளே போன பெற்றோரில் நானும் ஒருவன். கடையின் பெயரை எழுதப்போவதில்லை. சின்ன ஊர், கடையில் இருக்கும் பொடியனும் நல்லவன். ஆயினும் அடுத்த பெறுபேறு வரும்போது அதே கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகவிருக்கும் பெற்றோருக்கு, அங்கே எதை வாங்குகிறோம், எதை வாங்க முடியாது என்பதைச் சொல்லிவைப்பது பயன்படும் என்று நினைக்கிறேன்.

முதலில் எங்கள் நிலைமை. என் மகள் 2008இல் பிறந்தவள். ஆரம்ப வகுப்புகளில் அவளுடைய பாடசாலைக்கு ஆங்கில ஆசிரியர் வருவதும் இடமாற்றம் பெற்றுப் போவதுமாக இருந்தது. எட்டாம் வகுப்பில்தான் ஒருவர் நிலையாக வந்து சேர்ந்தார். 2023ஆம் ஆண்டுக்குரிய பரீட்சையை அவள் 2024 மே மாதத்தில் எழுதியபோது, மற்றப் பாடங்களெல்லாம் நன்றாக இருக்க, ஆங்கிலத்தில் மட்டும் டபிள்யூ, அதாவது சித்தியின்மை, விழுந்தது. உயர்தர வகுப்புக்குப் போக அது தடையாக இருக்கவில்லை. தாய்மொழியும் கணிதமும் அடங்கலாக ஆறு பாடங்களில் சித்தியும், அவற்றில் மூன்று பாடங்களில் திறமைச் சித்தியும் (சி அல்லது அதற்கு மேல்) இருந்தால் போதும். ஆங்கிலம் அந்தக் கணக்கில் கட்டாயமில்லை. இதைச் சொல்லித்தான் அயலவர்கள் எங்களைத் தேற்றினார்கள். நான் கூட்டுறவுச் சங்கமொன்றில் இலிகிதராக இருப்பவன். வேலை கேட்டு வரும் பிள்ளைகளின் படிவங்களை வாங்கி அடுக்குவது என் வேலை என்பதால், "சாதாரண தர ஆங்கிலம்" என்ற கட்டத்தை எத்தனை பேர் பேனையை வைத்து யோசித்துவிட்டு வெறுமையாக விட்டுத் தருகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆகவே மகளை மறுமுறை தனியார் பரீட்சார்த்தியாக ஆங்கிலத்துக்கு மட்டும் விண்ணப்பிக்கச் செய்தோம். 2025 மார்ச் 17 முதல் 26 வரை நடந்த பரீட்சையில் அவள் அதனை எழுதினாள். வெளியே வந்தபோது முகம் தெளிவாக இருந்தது. "இந்த முறை சி வரும் அப்பா" என்றாள். ஜூலையில் வந்தது எஸ், சாதாரண சித்தி.

பெறுபேறு வந்த ஐந்தாம் நாள் பின்னேரம் கடைக்குப் போனோம். விண்ணப்பம் இணையவழியில் அனுப்பப்பட வேண்டும். அதற்குத் தரப்படும் காலம் ஏறத்தாழ இரண்டு வாரம். எங்கள் வீட்டில் கணினி இல்லை, கைபேசியில் அந்தப் படிவத்தை நிரப்ப எனக்குத் துணிவும் இல்லை. கடையில் எங்களுக்கு முன் நான்கு தாய்மார் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் விஞ்ஞானத்துக்கும், மற்ற மூவரும் ஆங்கிலத்துக்கும் வந்திருந்தார்கள் என்பது பேச்சில் தெரிந்தது.

கடையின் நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும். பொடியனுக்கு அந்த இணையத்தளம் தண்ணீர்பட்ட பாடு. அடையாள அட்டை இலக்கத்தையும் சுட்டெண்ணையும் கேட்டு, தட்டச்சு செய்தபின் திரையை எங்கள் பக்கம் திருப்பி, "அக்கா, பிள்ளையின்ட பேர் சரியோ எண்டு ஒருக்காப் பாருங்கோ" என்று என் மனைவியிடம் கேட்டு, அவள் தலையாட்டிய பிறகே அடுத்த பக்கத்துக்குப் போனான். இணையம் இழுபட்டபோதும் சலிக்கவில்லை. திணைக்களத்துக்குரிய கட்டணத்தைத் தன்னுடைய வங்கி அட்டையால் செலுத்தினான். அதே தொகையைக் காசாக எங்களிடம் வாங்கினான். அதற்கு மேல் தன் வேலைக்கு 300 ரூபா எடுத்தான். இருபது நிமிடத்தில் முடிந்தது. கிளிநொச்சி நகருக்குப் பேருந்தில் போய் வரும் செலவையும் அரை நாளையும் நினைத்தால் இது நியாயமான விலையே.

குறை இரண்டு. தொடர்புக்கான கைபேசி இலக்கம் கேட்கப்பட்ட இடத்தில் அவன் கடையின் இலக்கத்தைப் போட்டிருந்தான். அன்று வந்த எல்லாருக்கும் அப்படித்தான் போட்டானாம். குறுஞ்செய்தியில் வரும் இலக்கத்தை உடனே பார்த்துப் பதிவதற்கு அது வசதி என்றான். அவனுக்கு வசதிதான். ஆனால் அந்த விண்ணப்பம் தொடர்பாகப் பின்னர் வரும் எந்தச் செய்தியும் எங்களுக்கு வராது என்பதை வீட்டுக்கு வந்த பிறகே மகள் கண்டுபிடித்தாள். இரண்டாவது, விண்ணப்பத்தின் பிரதியை அச்சிட்டுத் தரவில்லை. அச்சுப்பொறியில் மை தீர்ந்துவிட்டது, நாளைக்கு வாருங்கள் என்றான். மறுநாள் போனேன். கணினித் திரை முழுவதும் கோப்புகள்: யாருடையவோ பூப்புனித நீராட்டு விழா அழைப்பிதழ், மாட்டுக் கொட்டகைக்கான கடன் விண்ணப்பம், "றீ1", "றீ2" என்று தொடங்கி "றீ23" வரை. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, "றீ17" மகளுடையது என்று கண்டுபிடிக்கக் கால் மணித்தியாலம் சென்றது. அதற்கிடையில் அயலூர்ப் பிள்ளைகள் ஆறு பேரின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் எந்தப் பாடத்தில் குறைந்தார்கள் என்பதும் என் கண்ணில் பட்டுவிட்டன. பார்த்திருக்கக்கூடாத விடயம், பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

கடையைப் பற்றி இவ்வளவே. அவன் விற்பது ஒரு படிவத்தை அனுப்பும் வேலை. அதை ஒழுங்காகவே செய்கிறான். அந்தப் படிவம் எதைத் தரும் என்பதில்தான் பெற்றோராகிய நாங்கள் பெரிய மயக்கத்தில் இருக்கிறோம்.

சாதாரண தரப் பெறுபேற்றில் புள்ளி இல்லை, எழுத்து மட்டுமே. 75உம் அதற்கு மேலும் ஏ, 65 முதல் 74 வரை பி, 50 முதல் 64 வரை சி, 35 முதல் 49 வரை எஸ், அதற்குக் கீழே டபிள்யூ. என் மகள் பெற்ற எஸ் 36ஆகவும் இருக்கலாம், 49ஆகவும் இருக்கலாம். 49 என்றால், எங்கோ ஒரு விடைக்கு ஒரு புள்ளி போடப்படாமல் விடுபட்டிருந்தாலும், கூட்டலில் ஒன்று தவறியிருந்தாலும் தரம் மாறிவிடும். கட்டணத்துக்கு இரட்டிப்புப் பெறுமதி உண்டு. 36 என்றால், மீள்பரிசீலனையில் ஐந்து புள்ளி கூடினாலும் எழுத்து அதே எழுத்துத்தான். இரண்டு நிலைமைக்கும் படிவம் ஒன்று, கட்டணம் ஒன்று, காத்திருப்பும் ஒன்று. எந்த நிலைமையில் நிற்கிறோம் என்பதை அறியாமலே நாங்கள் வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் நின்ற தாயாரிடம், பிள்ளைக்கு எவ்வளவு குறைந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டேன். "ஆருக்குத் தெரியும், போட்டுப் பாப்பம்" என்றார். அந்த "போட்டுப் பாப்பம்" என்ற சொல்லுக்குத்தான் அன்று கடையில் இருந்த ஐந்து குடும்பங்களும் காசு கொடுத்தோம்.

ஆங்கிலத்தில் இந்த மயக்கம் ஏன் கூடுதல் என்பதற்கும் காரணம் உண்டு. கணிதத்தில் பிழைத்த பிள்ளை வீட்டுக்கு வந்து மூன்றாம் கணக்கில் குறியை மாற்றிப் போட்டுவிட்டேன் என்று சொல்லும். ஆங்கிலத்தில், இடைவெளி நிரப்புவதையும் வாசிப்புப் பகுதியையும் விட்டால், மீதியெல்லாம் எழுத்து வேலை: அறிவித்தல், வரைபட விபரிப்பு, கடிதம், இறுதியில் இருநூறு சொல்லளவில் ஒரு கட்டுரை. பரீட்சகர்களுக்குப் புள்ளித் திட்டம் இருக்கிறது, குழுவாக இருந்து திருத்துகிறார்கள், மேலே பிரதம பரீட்சகர் மேற்பார்க்கிறார். எனினும் ஒரு கட்டுரையை ஒருவர் ஒன்பதாகவும் இன்னொருவர் பதினொன்றாகவும் காண்பது உலகத்தில் எங்கும் உள்ள இயல்பு. எழுதிய பிள்ளைக்கோ தன் கட்டுரை எப்போதும் பதின்மூன்றாகத்தான் தெரியும். இங்கே பல வீடுகளில் அந்தக் கட்டுரையை வாசித்துச் சொல்லக்கூடிய அளவு ஆங்கிலம் தாய்க்கும் இல்லை, தந்தைக்கும் இல்லை. பிள்ளையின் முகத்தைப் பார்த்தே நாங்கள் புள்ளி போடுகிறோம்.

இந்த இடத்தில் லண்டனில் இருக்கும் என் தங்கையின் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதே ஆண்டு அதே பாடத்தில் அவளும் இதே சுழியில் அகப்பட்டாள். அவளுடைய மகன், அங்கே பதினாறு வயதளவில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. பொதுப் பரீட்சையில், ஆங்கில மொழியில் 3 எடுத்தான். 2025 ஆகஸ்ட் 21ஆம் திகதி பெறுபேறு வந்தது. அங்கே 9 முதல் 1 வரை எண் தரம். 4 கிடைத்தால்தான் சித்தி என்று கொள்கிறார்கள். இங்கிலாந்தில் ஆங்கிலத்திலும் கணிதத்திலும் 4 எடுக்காத பிள்ளை, பதினாறு வயதுக்குப் பிறகு எந்தப் படிப்புக்குப் போனாலும் அந்தப் பாடத்தைக் கூடவே தொடர வேண்டும். எங்களுக்கு ஆங்கிலம் இல்லாவிட்டாலும் உயர்தரக் கதவு திறந்திருக்கிறது. அவர்களுக்கு அது காலில் கட்டிய கட்டையாகக் கூடவே வருகிறது. ஆகவே தங்கையின் பதற்றம் என்னுடையதை விடக் கூடவாக இருந்தது.

"நீ உடனே போட்டுவிடு" என்று தொலைபேசியில் நான் சொன்னேன், எல்லாம் தெரிந்தவன் போல. "அண்ணா, இங்க நாங்கள் நேர போடேலாது, பள்ளிக்கூடம்தான் கேக்கவேணும்" என்றாள். அதுதான் அங்குள்ள முறை. பாடசாலையில் படித்து எழுதிய பிள்ளைக்காகப் பெற்றோர் பரீட்சைச் சபையிடம் நேரே விண்ணப்பிக்க முடியாது; பாடசாலை விண்ணப்பிக்க வேண்டும், பிள்ளை எழுத்தில் சம்மதம் தர வேண்டும். சம்மதம் ஏனென்றால் தரம் கூடவும் செய்யலாம், குறையவும் செய்யலாம். பாடசாலை மறுத்தால், அந்த மறுப்பை எதிர்த்து முறையிடும் வழியொன்றைப் பாடசாலையே வைத்திருக்க வேண்டும். தரம் மாறினால் கட்டணம் பொதுவாகத் திரும்பக் கிடைக்கும். இவையெல்லாம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. எனக்குப் பொறாமை வந்தது வேறொன்றில்: தரத்தோடு புள்ளியும் தெரிகிறது, எல்லைப் புள்ளி எதுவென்று அன்றே வெளியிடப்படுகிறது, திருத்திய விடைத்தாளின் பிரதியையும் பாடசாலை ஊடாகப் பெறலாம். மருமகன் எல்லைக்கு இரண்டு புள்ளி கீழே நிற்கிறான் என்று தங்கைக்கு அன்று மத்தியானமே தெரிந்துவிட்டது.

இரண்டு புள்ளிதானே என்று அவள் துள்ளினாள். பாடசாலை ஆங்கில ஆசிரியை முதலில் விடைத்தாளை எடுத்துப் பார்ப்போம் என்று நிறுத்தினார். 40 புள்ளிக்குரிய எழுத்து வினாவுக்கு மருமகன் அரைப்பக்கமும் இரண்டு வரியும் எழுதியிருந்தான். நேரம் போதவில்லையாம். திருத்தியவரின் குறிப்புகள் அனைத்தும் புள்ளித் திட்டத்தோடு பொருந்தின. 2016 முதல் அங்குள்ள விதி என்னவென்றால், மீளாய்வு செய்பவர் முதல் திருத்தத்தில் பிழை இருந்தால் மட்டுமே மாற்றலாம். "நானாக இருந்தால் இரண்டு புள்ளி கூடப் போட்டிருப்பேன்" என்பது பிழையாகாது. ஆகவே விண்ணப்பிக்க வேண்டாம் என்று ஆசிரியை சொன்னார். நவம்பரில் ஆங்கிலத்துக்கும் கணிதத்துக்கும் மறுபரீட்சை உண்டு. அதற்கு அவனைப் பதிந்தார்கள். தங்கை அழுதாளாம். ஆனால் எதற்காக அழுகிறாள் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது, அதுவே ஒரு வசதி.

அங்கே எல்லாம் ஒழுங்கு என்று நான் சொல்ல வரவில்லை. 2012இல் அங்கே ஆங்கிலப் பாடத்தில் பெரிய கலவரமே நடந்தது. அப்போது அங்கேயும் எழுத்துத் தரம்தான்; அந்த ஆண்டு ஜனவரியில் சி பெறப் போதுமாக இருந்த புள்ளி ஜூனில் போதாமற் போனது; எல்லையை இடையில் உயர்த்திவிட்டார்கள். பாடசாலைகளும் உள்ளூராட்சிச் சபைகளும் சேர்ந்து வழக்குப் போட்டன. 2013 பெப்ரவரியில் அங்குள்ள மேல் நீதிமன்றம் அதனைத் தள்ளுபடி செய்தது. அதற்கு முன்பே வேல்ஸ் அரசு தன் பகுதிப் பிள்ளைகளுக்கு மறுபடி தரமிடும்படி உத்தரவிட, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் தரம் உயர்ந்தது. ஒரே விடைத்தாள், ஒரே பேனை. எல்லைக்கோடு எந்தப் பக்கம் கிடக்கிறது என்பதால் மட்டும் தரம் மாறியது. விடைத்தாளை எத்தனை முறை மீளத் திருத்தினாலும் அந்தக் கோட்டை அது தொடாது.

இங்கே விடைத்தாளைக் கேட்டுப் பெற முடியாதா என்று அலுவலகத்தில் ஒரு நண்பர் கேட்டார். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்திக் காணி விடயத்தில் கடிதம் எடுத்தவர் அவர். அந்தச் சட்டத்தின் 5ஆம் பிரிவிலேயே, பரீட்சைத் திணைக்களம் நடத்தும் பரீட்சைகள் தொடர்பில் இரகசியமாகப் பேணப்பட வேண்டிய தகவல்களுக்கு விலக்கு இருக்கிறது. வினாத்தாள் வெளியே கசியாமல் இருக்க அந்த விலக்கு வேண்டும் என்பது எனக்கு விளங்குகிறது. பரீட்சை முடிந்து, திருத்தி, பெறுபேறும் வந்த பிறகு, பிள்ளை தன் கையெழுத்தைத் தானே பார்ப்பதில் என்ன இரகசியம் கெட்டுவிடும் என்பதுதான் விளங்கவில்லை. விடைத்தாள் வேண்டாம், புள்ளியை மட்டும் சொன்னாலே அந்தக் கடை வரிசையில் பாதிப்பேர் நிற்க மாட்டார்கள். மீதிப் பாதிப்பேர் காரணத்தோடு நிற்பார்கள்.

தங்கையின் கதையைக் கேட்ட பிறகு நானும் ஒரு காரியம் செய்தேன், இந்த முழு அலைச்சலிலும் உருப்படியான காரியம் அது ஒன்றுதான். எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர் இருக்கிறார், எழுபதைத் தாண்டியவர். வினாத்தாளைக் கொண்டு மகளோடு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் அதை வாங்கி, மகளை விறாந்தையில் இருத்தி, "பரீட்சையில என்ன எழுதினியோ அதையே எழுது மோனை, இப்ப தெரிஞ்சதைச் சேர்க்காதை" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். மகள் ஞாபகத்திலிருந்து கட்டுரையையும் கடிதத்தையும் எழுதினாள். ஒன்றரை மணித்தியாலம். ஞாபகத்தில் எழுதுவது பரீட்சையில் எழுதியதைவிடச் சற்று அழகாகத்தான் வரும் என்பதை அவரும் அறிவார். அதைக் கழித்துக்கொண்டே வாசித்தார்.

அவர் பென்சிலால் சொற்களை எண்ணினார். நூற்றுப் பன்னிரண்டு. இருநூறு கேட்ட இடத்தில் நூற்றுப் பன்னிரண்டு. இலக்கணப் பிழை அதிகமில்லை. அதனால்தான் அவளுக்கு நன்றாக எழுதியதாகத் தோன்றியிருக்கிறது. பிழை விடக்கூடாது என்ற பயத்தில் தெரிந்த சின்னச் சின்ன வசனங்களை மட்டும் எழுதி, தெரியாத இடத்தைத் தாண்டிப் போயிருக்கிறாள். கடிதத்தில் கேட்ட நான்கு விடயத்தில் இரண்டைத் தொடவே இல்லை. புள்ளித் திட்டங்களையும் திணைக்களம் வெளியிடும் மதிப்பீட்டு அறிக்கைகளையும் அவர் பழைய பிஸ்கற் பெட்டியொன்றில் சேர்த்து வைத்திருக்கிறார். அதில் ஒன்றை எடுத்து, எதற்கெதற்குப் புள்ளி என்று மகளுக்கு வரி வரியாகக் காட்டினார். கடைசியில், "நாப்பதுக்கும் நாப்பத்தைஞ்சுக்கும் இடையில இருக்கும்" என்றார். சம்பளம் வாங்க மறுத்துவிட்டார். மறுநாள் வீட்டுக் கப்பல் வாழைக்குலையொன்றைக் கொண்டுபோய் விறாந்தையில் வைத்துவிட்டு வந்தேன்.

மீள்பரிசீலனையின் முடிவு சில மாதங்கள் கழித்து வந்தது. மாற்றமில்லை. ஆசிரியர் சொன்ன கணக்கின்படி அது எதிர்பார்த்ததுதான். மகள் அந்த ஒரு சொல்லை வாசித்துவிட்டுக் கைபேசியைக் கீழே வைத்தாள். அவளிடம் பெரிய ஏமாற்றம் தெரியவில்லை. தன் கட்டுரை எங்கே நின்றுபோனது என்பது அவளுக்கு அதற்கு முன்பே தெரியும். இப்போது சனிக்கிழமை தோறும் அந்த விறாந்தையில் ஒரு கட்டுரை எழுதுகிறாள். முதற் கிழமை நூற்று முப்பது சொல், போன கிழமை நூற்று எண்பத்தாறு. பிழைகள் கூடியிருக்கின்றன என்று ஆசிரியர் சந்தோசமாகச் சொன்னார்.

இனி விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்கு என் கணிப்பு இது. பிள்ளை வினாத்தாளைக் கையில் வைத்து, ஆங்கிலம் தெரிந்த ஒருவர் முன் இருந்து எழுதிக் காட்டிய பிறகும் அவர் "இது சி தரத்துக்கு உரியது" என்று சொன்னால், தயங்காமல் விண்ணப்பியுங்கள், கட்டணம் வீணாகாது. அப்படி ஒருவரும் பார்க்காத நிலையில் விண்ணப்பிப்பதென்றால், இரண்டு வாரத்தில் முதல் வாரத்தை அப்படி ஒருவரைத் தேடுவதற்கு ஒதுக்குங்கள். துணுக்காய், மல்லாவி, ஒட்டுசுட்டான் பக்கம் உள்ளவர்களுக்கு அது எளிதல்ல என்பது தெரியும்; இருந்தாலும் ஊருக்கு ஒரு பழைய வாத்தியார் எங்கோ ஒரு விறாந்தையில் இருக்கத்தான் செய்கிறார்.

கடைக்கு மறுபடியும் போவேன். தேவை வந்தால், மகளின் கைபேசி இலக்கத்தைத் தாளில் எழுதிக்கொண்டு, அச்சுப்பொறியில் மை இருக்கிறதா என்று வாசலிலேயே கேட்டுவிட்டுத்தான் கதிரையில் இருப்பேன். அந்தத் திரையில் கிடந்த "றீ1" முதல் "றீ23" வரையான கோப்புகளை அழித்துவிடும்படி பொடியனிடம் சொன்னேன். அழிக்கிறேன் என்றான். சென்ற மாதம் மின்கட்டணம் கட்டப் போனபோது பார்த்தேன், அழைப்பிதழ் இல்லை, மாட்டுக் கொட்டகையும் இல்லை. "றீ" வரிசை அப்படியே இருந்தது.